மேற்குப் பக்கத்து விளக்கு

அன்புள்ள உங்களுக்கு,

மழைக்கு முன் கொழும்பிலிருந்து எழுதினீர்கள். பிறகு ஒன்றும் வரவில்லை.

முச்சந்தியில் நிற்கும் பழங்காலத்துக் கல் சிலுவையை, அந்தக் குருசடியை, நம் புராட்டஸ்டன்ட் சபைக்கு ஆகாத விக்கிரகம் என்று சொல்லிச் சிரிப்பீர்களே, இன்று சாயங்காலம் அங்கே உங்களுக்காக ஒரு விளக்கு ஏற்றினேன். கத்தோலிக்க மீன்காரி சவேரியம்மை பதறி ஓடிவந்தாள்.

“ஏட்டி சபைக்காரி, தூரத்தில இருக்கியவங்களுக்கு கெழக்க வைக்கணும். மேக்க வச்சா செத்தவங்களுக்காக்கும்!”

அணைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். “குருசடி வெளக்க ஊதப்பிடாது மக்கா. அதுவா அணையட்டு.”

கிழக்கிலும் ஒன்று ஏற்றிவிட்டு வந்தேன். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் வேதப்புத்தகத்தைத் திறப்பதும் ஜன்னலுக்குப் போவதுமாக இருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் மேற்கு விளக்குதான் தெரிகிறது. அது இன்னும் எரிகிறது.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

உங்கள் மனைவி