திங்கட்கிழமை நிறை

சல்லி,
திருகோணமலை.
புதன்கிழமை காலை.

அன்புள்ள மகள் துஷாந்திக்கு,

நாங்கள் இங்கே நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுத மனம் வரவில்லை. நீயும் மருமகனும், உன் வயிற்றிலுள்ள பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். என் போனிலிருந்து வெளிநாட்டுக்கு எடுக்க ஏலாது, நீ எடுத்தால் அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார். பிறகு நான் என்னத்தைக் கதைக்க? பக்கத்து வீட்டு லதீசன் நாளைக்கு லண்டனுக்குத் திரும்புகிறான். உனக்கென்று அப்பா தன் கையால் கட்டின கருவாட்டுப் பொதிக்குள் இதை வைத்துவிடுகிறேன். மணத்தைப் பொறுத்துக்கொள்.

ஒப்பரேசனுக்கு முன்னம் அவர் பட்ட பாடு உனக்குத் தெரியும். சுருட்டை நிறுத்தினார், காலையும் மாலையும் நடந்தார், மூச்சுப் பயிற்சிக்குத் தந்த அந்த மூன்று பந்துக் குழாயைச் சின்னப் பிள்ளை மாதிரி உறிஞ்சிக்கொண்டே திரிந்தார். வெட்டின மறுநாளே எழும்பி நின்றார். வீட்டுக்கு விடும்போது மைமூனா நேர்ஸ் தந்த தாளைக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வயிற்றில் முக்கால்வாசியை எடுத்த ஆள், ஆறு நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவேண்டும், சாப்பிட்டவுடன் படுக்கக்கூடாது, திங்கட்கிழமை தோறும் நிறை பார்த்துத் தனக்குப் போனில் சொல்லவேண்டும். இரண்டு கிலோ குறைந்தாலும் அன்றைக்கே சொல்லிப்போடுங்கோ அக்கா என்று படித்துப் படித்துச் சொன்னவள். ஆறு கிழமைக்கு நிறை குறையாமல் நின்றால் கடலுக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம் என்று டொக்டரும் ஒரு கதை சொன்னார். அந்தக் கதைதான் வினையாகிப் போனது.

நிறை குறையவேயில்லை, பிள்ளை. ஐந்து திங்கட்கிழமையும் ஐம்பது, ஐம்பது, ஐம்பதுதான். நீ அனுப்பின மெசின் பிழை சொல்லுமா என்று நானும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். மோட்டு மனுசி நான்! கலியாண மோதிரம் விரலில் நிற்காமல் அலுமாரிக்குள் போய்விட்டது. தோள் எலும்பு இரண்டும் வெளியே வந்துவிட்டது. வீட்டில் சட்டையே போடாத மனுசன் திங்கட்கிழமைகளில் மட்டும் சட்டை போட்டுக்கொண்டு மெசினில் ஏறுகிறார். கேட்டால் குளிருதாம். இந்த வெயிலில் குளிர்!

சாப்பிட்டதும் கடற்கரைக்கு நடக்கப் போவார். நேர்ஸ் சொன்னபடி செய்கிறார் என்று சந்தோசப்பட்டேன். போன கிழமை ஒரு நாள் பின்னால் போய்ப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் நாலைந்து காகங்களும் போயின. தாழைப் பற்றைக்குப் பின்னால் குந்தியிருந்து சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்து, மணலால் மூடிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அவர் போகுமட்டும் பார்த்திருந்த காகங்கள் இறங்கிக் கிளறின. எத்தனை நாளாக நடக்கிறதோ, அதுகளுக்கு இடம் பழகிவிட்டது.

நேற்று அவர் வள்ளத்துக்குப் பெயின்ற் வாங்கப் போன நேரம் வலையை இழுத்துப் பார்த்தேன். அடிக்கயிற்றில் கோத்திருக்கிற ஈயக்கட்டிகளைக் காணவில்லை. பாதி வலைக்கு வெறுங்கயிறு. எல்லாம் மூலையில் பால்மா டின்னுக்குள் கிடந்தன, ஒரு துணிப் பட்டியில் வரிசையாகத் தைத்தபடி. சில தையல் பழசு, சில தையல் புதுசு. கிழமைக்குக் கிழமை கூட்டியிருக்கிறார். தூக்கி மெசினில் வைத்தேன். ஆறரைக் கிலோ. ஐம்பதில் கழித்துப் பார், எனக்கு எழுதக் கை வரவில்லை. வெட்டின காயத்துக்கு மேலே அதைக் கட்டிக்கொண்டு வீடியோ போனில் உனக்குக் கை காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றவர்.

கோயிலடியில் நின்று மைமூனாவுக்குப் போன் எடுத்தேன். எத்தனை கிலோ என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு, "இனி ஒரு நாளும் பிந்த ஏலாது அக்கா, உடனே கூட்டிக்கொண்டு வாங்க. அவருக்கு உண்மையைச் சொல்லுங்க எண்டு அப்பவே சொன்னனான்" என்றாள். ஓம், சொன்னவள்தான்.

வந்து அவரைக் கூப்பிட்டேன். புண்ணை வெட்டி எடுத்தாச்சு, ஆறின புண்ணுக்கு என்னத்துக்கு ஆசுப்பத்திரி, திங்கட்கிழமை நிறை பார்த்திட்டு நான் கடலுக்குப் போகவேணும் என்று சத்தம் போட்டார். ஈயத்தைக் கண்டதாக நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, நிறை குறைஞ்சா உனக்கு ஏன் இவ்வளவு பயம் என்பதுதான். அதற்கு உண்மையைத்தான் சொல்லவேண்டி வரும்.

இராசதுரை மாமா நோயின் பெயரைக் கேட்ட அன்றைக்கே கட்டிலில் விழுந்தவர், எழும்பவேயில்லை. அந்தப் பயத்தில்தான் அப்பாவுக்கு நோயின் பெயரைச் சொல்லக்கூடாது என்று நீ அழுதழுது என்னிடம் உன் தலையில் சத்தியம் வாங்கினாய். உன்னில் பிழை சொல்லவில்லை, நானும்தான் ஓம் என்றேன். சல்லி முழுக்கத் தெரியும் அது புற்று என்று, நோய்க்காரனுக்கு மட்டும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மனுசன் ஈயம் கட்டுவாரா? சும்மா புண் என்று நினைத்துத்தானே இந்த விளையாட்டு விளையாடுகிறார்!

நீ பிள்ளைத்தாய்ச்சி. உன் தலையில் அடித்த சத்தியத்தை நான் எப்படி முறிப்பேன்? நீயே உன் வாயால் அதை எடுத்துவிடு. சனிக்கிழமை போன் எடு. நீயே அவருக்குச் சொல்லு, இல்லாவிட்டால் சொல்லுங்கோ அம்மா என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. திங்கட்கிழமை விடிந்தால் அவர் வள்ளத்தைத் தள்ளிவிடுவார். முத்துமாரி அம்மாள் உன்னையும் உன் பிள்ளையையும் காப்பாள்.

என்ன இவ்வளவு நேரம் எழுதிறாய் என்று வாசலில் நின்று கேட்கிறார். கருவாடு பொரிக்கிற விதம் என்றேன். நிறை ஐம்பதில் நிக்குது, பிள்ளை யோசிக்கவேண்டாம் எண்டும் எழுது என்கிறார். எழுதிவிட்டேன்.

உன் அம்மா,
புஸ்பராணி தங்கத்துரை