உப்புக் கூடின ஊறுகாய்

அக்கா,

இன்றைக்குக் காலமை அலுமாரியைத் திறக்க உங்கடை தேசிக்காய் ஊறுகாய் மணம் வந்தது. நீங்கள் கடைசியாகப் போட்டுத் தந்த போத்தல். நீங்கள் போனபிறகு நான் அதைத் தொடவேயில்லை. தொட்டால் முடிந்துவிடும் என்ற பயம்.

அந்த மணத்தோடு நாங்கள் வேலை செய்த மியூசியமும் ஞாபகத்துக்கு வந்தது. ஹம்பேர்க்கில் விடியவே எஸ்-பான் ரயில் பிடித்துப் போய், சனம் வரமுதல் நிலம் துடைப்போமே. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் துணி சுற்றின எகிப்துப் பொம்பிளை. பக்கத்து அறையில் சேற்று நிலத்துக்குள் இருந்து எடுத்த மனிசன், தோலெல்லாம் கறுத்துப்போய். அவவை உப்புப் போட்டுக் காயவைத்தார்களாம். அவரை ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, சேறே பழுதாகாமல் வைத்திருந்ததாம். காவல்காரன் டொச்சு மொழியில் நீட்டி முழக்கிச் சொன்னதை நீங்கள் எனக்குச் சுருக்கிச் சொன்னீர்கள். "அவ கருவாடு, இவர் ஊறுகாய்."

துவக்கத்தில் நான் வேலையால் வந்ததும் தலை முழுகிவிட்டுத்தான் அடுப்படிக்குள் போவேன். செத்தவீட்டுக்குப் போய் வந்த மாதிரித் தீட்டுத்தானே. அந்தக் குளிரில் முழுகி முழுகித் தடிமன் பிடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலைக்கு வர, நீங்கள் துடைப்பத்தடியில் சாய்ந்து நின்று சிரித்தீர்கள்.

"எடி விசரி, இவையின்ரை முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடிஞ்சு எத்தினை ஆயிரம் வருசம். இன்னும் என்ன துடக்கு?"

அதோடு நான் முழுகுறதை விட்டேன். ஆனால் ஒருநாள் அந்தப் பொம்பிளையின் பெட்டியைத் துடைத்துக்கொண்டு நின்ற நீங்கள், சிரிக்காமல் சொன்னீர்கள்: "என்னை இப்பிடிப் பிடிச்சு வைச்சிராதை. எரிச்சுப்போட்டு வந்து வடிவாச் சாப்பிடு."

எரித்தோம் அக்கா. முப்பத்தொன்றும் முடிந்தது. சாப்பிடத்தான் எனக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கு மத்தியானம் உங்கடை மகள் வந்தாள். சோறும் பருப்பும் வைத்தேன். போத்தலைக் கண்டுவிட்டு, "அன்ரி, அம்மா போட்டதோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். மூடியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். பிள்ளை சோற்றுக் கோப்பையை நீட்டினபடி இருக்கிறாள். பிறகு திறந்துவிட்டேன்.

ஒரு துண்டை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். "அம்மா உப்பை அப்படியே கொட்டியிருக்கிறா." எகிப்துக்காரரும் இவ்வளவு போட்டிருக்கமாட்டார்கள் என்று நான் சொல்ல, இரண்டுபேரும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம். பிறகும் போட்டுப் போட்டுச் சாப்பிட்டோம். மிச்சத்தைப் போத்தலோடு அவளிடமே கொடுத்துவிட்டேன்.

சவர்க்காரம் போட்டுக் கழுவியும் இதை எழுதுகிற விரலில் உங்கடை ஊறுகாய் மணம். தலை முழுகினாலும் போகாது போலிருக்கு.