காப்பி நிறத்துக்கு அடியில்

அப்பா,

சோறு பிசையும்போது கையில் இன்னும் தின்னர் மணக்கிறது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் இருப்பது போக மாட்டேன் என்கிறது. முந்தாநாள் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஒரு கம்புக்குப் பெயிண்ட் அடிக்க இம்புட்டு நாளாட்டி?" என்று கேட்டாள். நான் பதில் பேசுகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் தூண்டில் கம்புதான் அது. டேம் கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த உங்களை ஜீப்பில் ஏற்றியபோது, யாரோ கம்பையும் உள்ளே எறிந்திருக்கிறார்கள். பின்கதவை அதன் மேலேயே அடித்துச் சாத்திவிட்டார்கள். நீங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. கம்பு மட்டும் எஸ்டேட் லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்தது, ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் அடி வரை உரிந்து, தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களில் இரண்டு பிய்ந்து தொங்க. அப்புறம் கதவுக்குப் பின்னாலேயே நின்றது.

உங்கள் வருடப் பூசைக்குத் தம்பி தேனி ஹாஸ்டலில் இருந்து வருகிறான் என்றதும், அம்மா அதை எடுத்து என் மடியில் போட்டாள். "பெயிண்ட் கடையிலதான வேல பாக்க. அப்பா கையில இருந்த மாதிரியே ஆக்கிக் குடு. தம்பிக்குன்னு அவரு வச்சிருந்தது."

எனக்கு வேணும்மா என்று சொல்ல வந்தேன். உரிந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன்.

தம்பிக்கு என்று எப்போது வைத்தீர்கள் அப்பா? மேனேஜர் பங்களாவில் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட அந்த பைபர் கம்பை நீங்கள் தோளில் சுமந்து வந்தபோது அவன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். துருப்பிடித்த வளையங்களைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டீர்கள்.

"என்ன கலர் அடிப்போம் மக்கா?"

ரோடு வேலைக்கு வந்து நின்ற ஜேசிபியைக் காட்டினேன். நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். ஆனால் அந்த மஞ்சளைத்தான் வாங்கி வந்து அடித்தீர்கள். காய்ந்ததும் புது வளையங்களை நூல் சுற்றிக் கட்டினீர்கள். நூல் உருண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

டேம் கரையில் உங்கள் கூட்டாளிகள் விடவில்லை. "என்னவே, மீன் புடிக்க வந்தீரா, மலைய வெட்ட வந்தீரா?"

"எம் மவ சொன்ன கலருவே. மீனு வரலன்னா அவகிட்டப் போயி கேளும்" என்றீர்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்று கிடைத்த கெண்டையை வீடு வரைக்கும் நான்தான் தூக்கி வந்தேன், செதில் சட்டையெல்லாம் ஒட்ட.

தம்பி மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் அவனும் கரைக்கு வரத் தொடங்கினான். பையன்கள் அந்த மஞ்சளைப் பார்த்து அவனைக் கேலி செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி அலசிவிட்டு வந்தபோது, கம்பு காப்பி நிறத்தில் சுவரில் சாய்ந்து நின்றது. வளையங்களைக் கழற்றக்கூட இல்லை, சுற்றி அப்படியே பூசியிருந்தீர்கள்.

"மஞ்சள் எங்கப்பா?"

"தம்பி வெக்கப்படுதான் பிள்ள. மஞ்ச எங்க போயிரும்? உள்ளதான இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நான் டேமுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவும் இல்லை.

அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையோடு சரிவில் விழுந்து படுத்தபோதும் அதே குரலில்தான் பேசினீர்கள். "இந்த ஒரு வருசம் வீட்டுல நில்லு மக்கா. அம்மா எந்திரிக்கட்டும், பொறவு போவலாம்." அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அம்மா எழுந்தாள். முதுகு நிமிராமலே மறுபடி மலைக்கும் போனாள். ஸ்கூல் திறந்தது. நீங்கள் தம்பிக்கு மட்டும் பை வாங்கி வந்தீர்கள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள், வெகுநேரம்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள், ஒரு சுடுசொல் பேசாத மனுஷன் என்று. உண்மைதான். நீங்கள் ஒரு சுடுசொல் பேசியிருந்தால் நான் திருப்பிக் கேட்டிருப்பேன். நல்ல மனிதரிடம் எதைக் கேட்பது?

இப்போது நான் வேலை பார்க்கும் கடையில் பழைய கதவையும் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்து, இதே கலர் வேண்டும் என்பார்கள். கடை முதலாளியான மலையாளிச் சேட்டன் கீலைக் கழற்றி அடியில் பார்ப்பார். வெயில் படாத அந்த இடத்தில்தான் முதல் நாள் நிறம் இருக்கும். "அன்னத்த கலரா, இன்னத்த கலரா?" அன்று இருந்த நிறமா, இன்று இருக்கிற நிறமா என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பார்.

பிய்ந்து தொங்கிய வளையங்களை நான் அவிழ்த்தேன். அடியில் மஞ்சள் இருந்தது அப்பா. வெயிலும் படாமல், உங்கள் காப்பி நிறமும் படாமல், நேற்று அடித்தது போல.

கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் ஒரு டப்பா மூடியில் அதே மஞ்சளைக் கலந்தேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். துளி வித்தியாசம் இல்லை. முழுக் கம்புக்கும் அடிக்க ஒரு மணி நேரம் போதும். தம்பி வந்து பார்க்கட்டும், அம்மா பார்க்கட்டும் என்று நினைத்தேன். தூரிகையை எடுக்கவும் செய்தேன். உள்ளேயிருந்து சேட்டன், "எந்தா மோளே, மஞ்சளா?" என்றார். "இல்ல சேட்டா, சும்மா" என்றேன். எப்போதும் நான் சொல்வது அதுதானே.

காப்பி நிறம் லேசில் அமையவில்லை. புது டப்பாவில் இருந்ததை அப்படியே வைத்தபோது, பழைய சட்டையில் புதுத் துணி ஒட்டுப் போட்டது போலத் தெரிந்தது. வெயிலில் வெளுத்து, செங்கல் பொடி போல ஆகியிருந்தது உங்கள் நிறம். வெள்ளை ஒரு சொட்டு, காவி ஒரு சொட்டு என்று சேர்த்து, தகரத்தில் தடவிக் காயவைத்துப் பார்த்தேன். ஈரத்தில் ஒன்றாய் இருப்பது காய்ந்ததும் இருண்டு போகும். இரண்டாம் நாள் மூடுபனி இறங்கி, அடித்த பெயிண்ட் வெள்ளையாய்ப் பூத்துவிட்டது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி மறுபடி அடித்தேன். கடைசியில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போனது.

வளையம் இருந்த இரண்டு இடத்தில் மட்டும் நான் எதுவும் பூசவில்லை. மஞ்சள் மேலேயே வளையத்தை வைத்து, நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டினேன். இந்த முறை நூல் உருண்டையைப் பிடிக்க ஆள் இல்லை. பல்லில் கடித்துக்கொண்டேன்.

பூசை முடிந்து வந்ததும் அம்மா அழுதுகொண்டே கம்பைத் தம்பியிடம் கொடுத்தாள். அவன் தடவிப் பார்த்தான். "சூப்பர்க்கா, அப்பா வச்சிருந்த மாதிரியே இருக்கு. ஒடஞ்ச எடமே தெரியல." இன்று காலை பையைத் தோளில் மாட்டும்போது அதை மறுபடி கதவுக்குப் பின்னால் சாய்த்தான். "ஹாஸ்டல்ல இத எங்கக்கா வைக்க? பயலுவ சிரிப்பானுவ. நீயே வச்சுக்க."

அவனுக்காக அடித்த நிறம் அப்பா அது. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் உங்கள் மேல்தான்.

சாயங்காலம் கம்பை எடுத்துக்கொண்டு டேமுக்குப் போனேன். காப்பி நிறக் கம்பு என்பதால் யாரும் சிரிக்கவில்லை. மீனும் சிக்கவில்லை. இருட்டும்வரை அந்த இரண்டு வளையங்களையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

உள்ளதான இருக்கு என்றீர்கள். இருக்கிறது அப்பா. இத்தனை வருஷத்தில் அது வெளுத்துப் போயிருக்கும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். மூடி வைத்தது வெளுக்காது என்று கடைக்குப் போன பிறகுதான் எனக்கே தெரியும்.