பெயர் போடாத நோட்டீஸ்

12-7-1965
மாதா கோயில் உபதேசியார் தேவசகாயம் இன்று அச்சகத்துக்கு வந்தார். என் அப்பா வயது. புதுச் சாமியார் பூசையைத் தமிழில் வைக்கிறாராம். பழையபடி லத்தீனே வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம்.

“என் பேரு மட்டும் வெளிய வரக்கூடாதுபா. கோயில் வூட்லதான் குடியிருக்கிறேன்.”

எனக்குச் சிரிப்பு. தை மாதம்தான் இந்தி வேண்டாம் என்று தமிழுக்காக ஊரே கொதித்தது. “புரியாத பாஷை எதுக்கு உபதேசியாரே?” என்றேன்.

“எங்கப்பாவ ஊர்க் கோயில் தெருவுல நடக்கவே வுடலபா. வெள்ளக்கார சாமியாருதான் பக்கத்துல உக்கார வெச்சி, அவரு சொல்ற அதே வார்த்தைய எங்க வாயில குடுத்தாரு. அத இப்ப வேணாங்கிறாங்க.”

எழுத்துக் கோக்க உட்கார்ந்தேன்.

19-7-1965
நேற்றுப் பூசையில் நோட்டீஸால் கைகலப்பு. ஒருவருக்கு மண்டை உடைந்ததாம்.

20-7-1965
சாமியாரே வந்துவிட்டார். நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதே. சின்ன வயது. கோபமே இல்லை. “யாருன்னு தெரிஞ்சா கூப்பிட்டுப் பேசித் தீர்த்துக்குவேன்” என்றார்.

சொல்லிவிட்டேன்.

அவரை நம்பியா சொன்னேன்? தமிழ் ஜெயிக்கட்டும் என்றா? வாயில் வந்துவிட்டது — அவ்வளவுதான்.

2-8-1965
உபதேசியாரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கூப்பிட்டுப் பேசியது ஐந்தே நிமிஷமாம். ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யணும். முப்பது வருஷம் அந்தக் கோயிலுக்கு உழைத்த மனுஷன்.

14-8-1965
அந்த நோட்டீஸ் விஷயம் என்னைத் தவிர அந்தோணி ஒருவனுக்குத்தான் தெரியுமாம். உபதேசியார் மகள் மேரிக்கு நிச்சயித்திருந்த பையன். அவன்தான் காட்டிக் கொடுத்தான் என்று கல்யாணத்தை நிறுத்திவிட்டார். அவன் மாதா மேல் சத்தியம் செய்தும் கேட்கவில்லையாம்.

ஐயோ, நான்தான்யா சொன்னது. நான்தான். போய்ச் சொல்லணும். நாளைக்கே.

22-8-1965
போகவில்லை.

5-9-1965
ஞாயிறு. பூசை நேரம். பஸ் ஸ்டாண்டில் உபதேசியாரைப் பார்த்தேன். பாத்திர மூட்டை, பாய், ஒரு டிரங்குப் பெட்டி. தென்னேரியில் தம்பி வீட்டுக்குப் போகிறார்கள். மேரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “மருமவனா வர வேண்டியவன் சொல்லிட்டான். நீ வேற சாமி கும்புடறவன். ஆனாலும் நீ சொல்லலியேப்பா, கோதண்டபாணி.”

பஸ் உறுமிக்கொண்டிருந்தது. மூட்டைகளை மேலே ஏற்றிக் கொடுத்தேன். “கயித்த நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லுங்க” என்றேன்.