மூன்றாவது பந்து

தம்பிக்கு,

எல்லாம் முடிந்தது. நீ வரவில்லை. உனக்கு என்ன வேலையோ, கேட்கமாட்டேன்.

அப்பாவின் சாமான்களைப் பிரித்தேன். லேத் பட்டறையில் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தும் சும்மா இருக்காத மனுஷன். தூண்டில், மவுத்தார்கன், சைக்கிள் பந்தயக் கோப்பைகள். உன்னிடம் தோற்ற அன்று பரணில் ஏற்றிய செஸ் போர்டு அங்கேயே கிடக்கிறது.

ஆஸ்பத்திரியில் நுரையீரலுக்காக ஒரு கருவி கொடுத்தார்கள். மூச்சை இழுத்தால் உள்ளே மூன்று பந்துகள் ஒவ்வொன்றாக எழும். நர்ஸ் கெஞ்சியும் அப்பா தொடவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த டிரைவர் இரண்டு பந்தைத் தூக்கியதும் ரோஷம் வந்துவிட்டது.

"யோவ் டிரைவரு, இப்பப் பாருய்யா!"

அப்பாவுக்கும் இரண்டுதான் எழுந்தது. அதன்பிறகு தினமும் போட்டி.

ஒரு காலையில் டிரைவரின் கட்டில் காலியாக இருந்தது. அப்பா கருவியைக் கீழே வைத்தார்.

"இழுங்கப்பா."

"எதிர்ல ஆளில்லாம என்னத்தம்மா வெளையாடுறது? உன் தம்பி வர்றானா?"

"வந்துக்கிட்டே இருக்கான்ப்பா."

"அப்ப வரட்டும். அவனோட வச்சுக்கிறேன்."

தலையணைக்கடியில் வைத்தவர், பிறகு அதை எடுக்கவே இல்லை.

அதை உனக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது பந்து கடைசிவரை அவருக்கு எழவில்லை. நீயும் எழுப்பிவிடாதே.

அக்கா