சனிக்கிழமை பட்டன்

ஈப்போ

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். குளுவாங்கில் விடாத மழை என்று தம்பி சொன்னான். முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

இங்கே ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். கண் கிளினிக் ஒன்றுக்கு எங்கள் கம்பெனி செய்த முன்பதிவுத் திரையில், சனிக்கிழமை பட்டனை நாங்களே நிரந்தரமாகப் பதித்திருந்தோம். கிளினிக் சனிக்கிழமையை நிறுத்திய பிறகும் அது அப்படியே இருந்தது. கருப்பம்மாள் என்றொரு அம்மா அதை அமுக்கிவிட்டு, சிம்பாங் பூலாயிலிருந்து பஸ் ஏறி வந்து, பூட்டிய கதவைப் பார்த்திருக்கிறார். "பட்டன் இருந்துச்சுலா, அமுக்குனேன். என் தப்பாம்மா?" என்று, விசாரிக்கப் போன் செய்த என்னிடம் கேட்டார்.

என்ன நடந்தது என்று கிளினிக் ரிப்போர்ட் கேட்டது. மேனேஜர் தனேஸ்வரன் சிரித்தார். "அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியலன்னு ரிப்போர்ட் எழுதிரு லா." நான் அப்படி எழுதவில்லை.

அன்றன்றைக்கு எந்தப் பட்டன் செல்லும் என்பதை, திரைக்குத் தகவல் தரும் சர்வர் கம்ப்யூட்டரே ஒவ்வொரு பதிலோடும் அனுப்பும்படியும், வந்ததை மட்டும் திரை காட்டும்படியும் மாற்றினேன். ரிப்போர்ட்டில் "தவறு எங்களுடையது" என்று எழுதி, என் பெயரைப் போட்டு நேராகக் கிளினிக்குக்கே அனுப்பினேன். கருப்பம்மாளை செவ்வாய்க்கிழமை வரச்சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஆபீசில் யாரும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. அந்த மூஞ்சிகளைப் பார்த்தால் எனக்கும் சோறு இறங்காது. மோர்மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். முடிந்தால் மதியம் ஒரு மணிக்குப் போன் செய்யுங்கள், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள்.

சரளா