ரவிக்கைக்குள் உன் பர்ஸ்

அடியே, இன்று காலை பீரோவில் புடவை தேடும்போது, நீ கொடுத்துவிட்டுப் போன பர்ஸ் கையில் தட்டுப்பட்டது. வெற்றிலை வாசனை இன்னும் போகவில்லை. நான்காக மடித்த அந்தத் தாளும் உள்ளேயே இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற நேரத்தில் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு பர்ஸையும் எடுத்துக்கொண்டேன்.

மணலூர்பேட்டைப் பக்கம் நடவுக்குப் போகிற நமக்கு ரவிக்கைதானே பெட்டி, பூட்டு எல்லாம்? அதனால்தான் இடது மார்பில் சின்னதாகக் கட்டி தெரிந்தபோது, "பர்சு அழுத்தி அழுத்திக் காப்பு காச்சிப் போச்சிடி" என்றாய். நானும் பெரிய டாக்டர் மாதிரி, "வலது பக்கம் மாத்தி வையி" என்றேன். என் வாயில் மண்ணைப் போட. 'வலி இல்லாத கட்டி ஒன்றும் செய்யாது, மஞ்சள் பற்றுப் போடுங்கள்' என்ற வீடியோவைச் செல்லில் தேடிக் காட்டியதும் நான்தான். நடவிலிருந்து அறுப்பு வரை பற்றுப் போட்டாய்.

ஊருக்கு வந்த நர்சம்மா பார்த்ததும் பதறிப்போனார். "பர்சால கட்டி வராதும்மா. வலி இல்லன்னு வுட்டுடக் கூடாது, ஒடனே காட்டணும்" என்று சொல்லி, விவரம் அச்சடித்த தாளைக் கொடுத்தார். அதற்குள் நாள் கடந்துவிட்டது. என்னை நீ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மருந்து ஏற்றி முடி கொட்டிய மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்புக்கு வந்தாய். கஞ்சி குடிக்கிற நேரத்தில் எங்களை அந்தத் தாளைப் படிக்கவைத்தாய். "செல்லுல எவன் இன்னா சொன்னாலும், நீ யாரு, எந்த ஆஸ்பத்திரின்னு கேளுங்கடி" என்றாய்.

நீ போன மறுவருஷம் எனக்கும் இடது பக்கமே கட்டி. வலியே இல்லை. மறுநாளே பஸ் ஏறினேன். மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, சுருட்டையாக முளைத்தது. நான் இருக்கிறேனடி!

இன்று எனக்கு மறுசோதனை. நம் நடவுக் கும்பல் மொத்தமும் தங்களையும் காட்டிக்கொள்ளக் கூடவே கிளம்பியது. கண்டக்டர், "இன்னாக்கா, கல்யாணமா?" என்றான். எங்களை விட்டால் பஸ் முழுக்க ஆம்பளைகள். உன் பர்ஸை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, "மாருல கட்டி இருக்குதான்னு பாக்கப் போறோம்பா" என்றேன் உரக்க. அவன் முகம் தொங்கிப்போனது. கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது கிட்டே வந்து, "எங்கம்மாவுக்கும் இருக்குதுக்கா. வலி இல்லன்னு சொல்லிக்கினு கீது" என்றான்.

தாளை விரித்துக் காட்டினேன். படம் பிடித்துக்கொண்டான். அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டு, "நாளைக்கே போறோம்மா" என்றான். நான் காட்டிய பொய் வீடியோ போன மாதிரியே, உன் தாள் இப்போது செல்லில் போகிறது.

டாக்டரம்மா, "நல்லா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டார். நம் கும்பலிலும் யாருக்கும் கட்டி இல்லை. தாளை மடித்துப் பர்ஸில் வைத்து, பர்ஸை இடது பக்கமே செருகிக்கொண்டேன். அங்கேதான் இடம் தாராளமாக இருக்கிறதே. உன் பர்ஸ் துளிகூட அழுத்தவில்லையடி.